யாருங்க நீங்க?

ஆய்வுக்கூடத்து எலிக்கூண்டில் கறுப்பிக்கு இருந்த ஒரே கூட்டாளி மொச்சையன். கடலை ஒளித்த இடமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கறுப்பியைத்தான் தினமும் மறந்துபோவான். பழகினவரை நினைவில் வைக்க உதவும் ஆக்ஸிடோசின் மூளையில் சுரக்காத எலி, பாவம்.

விடிந்தால் அவளை மோந்து பார்த்து, "யாருங்க நீங்க, புதுசா? கடலை சாப்பிடுங்க" என்பான். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"நாளைக்கும் இப்படிக் கேட்டா எதிர் மூலைக்கே போயிடுவேன்" என்றாள் கறுப்பி.

அன்று கூண்டைக் கழுவ வந்த அக்கா, ஆக்ஸிடோசின் மருந்தை அவன் மூக்கில் ஒரு சொட்டு விட்டாள்.

மறுநாள் காலை கறுப்பி கிளம்பத் தயாராக நின்றாள். மொச்சையன் மோந்தான், முகத்தைச் சுளித்தான்.

"ஏண்டி கறுப்பி, ராத்திரி பூரா என் வாலு மேலயே படுத்திருந்தியே, அறிவிருக்கா? தள்ளு."

கடலையும் கொடுக்கவில்லை. கறுப்பி அன்றைக்கு முழுக்க அவன் வாலை விட்டு நகரவே இல்லை.