சுவரை அடைத்த வேதாகமம்

இஞ்சான் நகரில் இன்சொக்கின் வீடு சின்ன அடுக்குமாடி வீடு. அதில் ஒரு சுவரை முழுக்க அடைத்திருந்தது, கண் தெரியாத அம்மா ஓக்பூனின் பிரெயில் வேதாகமம். புடைத்த புள்ளி எழுத்து என்பதால் ஒரே வேதாகமம் பல தடித்த தொகுதிகளாக இருந்தது.

இன்சொக் அம்மாவின் தோளைத் தொட்டான்.

"இந்தக் காலத்துல எதுக்கும்மா இவ்வளவு மூட்டை? போனே வாசிச்சுக் காட்டும். இதையெல்லாம் சர்ச்சுக்குக் குடுத்துடறேன், சரியா?"

"சரிப்பா," என்று சிரித்தார் ஓக்பூன்.

"பாத்தியா ஹேரான்? அம்மா மனசு உடைஞ்சிடும்னியே!" என்று மனைவியைச் சீண்டினான்.

அம்மா தூங்கும்போதே எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டிவிட்டான். அவர் எழுந்ததும், வீடே அதிரும்படி போனில் வேதாகமத்தின் சங்கீதப் பகுதியை ஓடவிட்டான். அவரோ நேரே போய் வெறும் அலமாரியைத் தடவினார். முகம் வெளிறியது.

"எங்க போச்சு? யாரு எடுத்தா?"

"நான்தாம்மா. நீங்கதான சரின்னீங்க?"

"இன்சொக்! வீட்டுல இருக்கியாப்பா?"

இன்சொக் பக்கத்திலேயேதான் நின்றிருந்தான்.

"அம்மா!" என்று கத்தினான். அவர் திரும்பவில்லை. பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"நீயா? காது சுத்தமா போயிடுச்சுப்பா. உனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு சொல்லல. யார் தொட்டாலும் சரின்னு சொல்லிச் சமாளிச்சேன். இப்ப என்கிட்டப் பேசறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டியா?"

ஹேரான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிரித்து, ஒரு தொகுதியை அவர் மடியில் வைத்தாள். விரல்கள் வரியைத் தொட்டன. உதடுகள் மெல்ல அசைந்தன.

இன்சொக் வாய்விட்டு அழுதான். அது அவருக்குக் கேட்கவில்லை.