நெஞ்சுக்குக் கீழே

பிஷப்பைச் சுவரிலிருந்து இறக்க ஏணியில் இரண்டு பேர் நின்றார்கள்.

கதவைவிடப் பெரிய பிளைவுட்டில் வரைந்த படம். செங்கோலைப் பிடித்தபடி ஆறு வருடம் எஸ்டேட் மாதா கோயிலின் வெளிச்சுவரில் உட்கார்ந்திருந்தார். மழை அவர் மூக்கைத் தின்றுவிட்டது. இடது கன்னத்தில் பூஞ்சை பச்சையாகத் தாடி விட்டிருந்தது.

புது பிஷப்பின் படம் அதே ஆணிக்காகக் கீழே காத்திருந்தது.

பழையதை விறகுக் கொட்டகையில் போடப்போகிறார்கள் என்று சிசிலி சொன்னதும், தேயிலைக் கொழுந்துக் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

சிசிலி பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரி. ஒரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் நான் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றித் திருநீறோடு வந்து இந்தப் படத்தின் முன் நிற்பதைப் பார்த்தவள். நான் ஞானஸ்நானம் வாங்கப்போவதாக லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு மூன்று பெயர்கூடப் பார்த்து வைத்திருந்தாள். மூன்றும் மேரிதான்.

படத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று செபாஸ்டின் ஃபாதரிடம் கேட்டேன்.

அவருக்குக் கண் கலங்கியது. அந்த பிஷப்பை அவர் சொந்த ஊர்க்காரர்களே இப்படித் தேடியதில்லை.

ஆனால் லயத்து வாசலில் படம் நுழையாது என்றார்கள், அதைக் கீழே இறக்கி வைத்த ஏணிக்காரர்கள். ஃபாதர் வருத்தத்தோடு கொட்டகைப் பக்கம் கை காட்டினார்.

"தல வேண்டாம் ஃபாதர். நெஞ்சுக்குக் கீழ அறுத்துக் குடுங்க, போதும்."

ஏணிக்காரர் ஒருவர் இருமினார். சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபாதரின் கண் காய்ந்துவிட்டது.

செங்கோல் பிடித்த கையைக் காட்டினேன். சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை. ஆறு வருடமாக எல்லோரும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வரைந்தபோது பிஷப்புக்கு முகம் காட்ட மட்டுமே நேரம் இருந்தது. மீதிக்கு அதே உடம்புவாகில் ஓர் ஆள் தேடிய ஓவியர், ஃபாக்டரியிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போனார். அங்கியை மாட்டிக்கொண்டு நான்கு நாள் அசையாமல் உட்கார்ந்தார் மனுஷன். வீட்டில் நான்கு நிமிடம் உட்கார்ந்ததில்லை. ஓவியர் கண்ணில் பட்டதை அப்படியே வரைந்துவிட்டார், ரோலரில் போன விரல் உட்பட.

அவர் முகத்துக்கு வீட்டில் படம் இருக்கிறது. போன வருடம் மாலை போட்டோம். கைக்குத்தான் இல்லை என்றேன்.

ஃபாதர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ரம்பம் கொண்டுவரச் சொன்னார்.

கையில் இருக்கிற மோதிரம் பிஷப்புடையதாயிற்றே, அதை என்ன செய்ய என்று ஏணிக்காரர் கேட்டார்.

கையோடு இருக்கட்டும் என்றார் ஃபாதர்.