எலி கடித்த ஒயர்

“லீவெல்லாம் கிடையாது. ரூல்னா ரூல்தான்” என்றார் சூப்பர்வைசர்.

அதுவும் எப்படி? நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி.

லீவு கேட்டவர், மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரை ஓட்டுகிற ஆபரேட்டர். மறுநாள் அவர் மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன். ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தா, பகலில் மெஷின் என்று ஓடிக்கொண்டிருந்த மனுஷன். கண் ரெண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். மெஷின் படுத்தால் ஆபரேட்டருக்கு அன்றைய சம்பளம் உண்டு. ஆபரேட்டர் படுத்தால் சம்பளமும் கிடையாது, சீட்டும் கிடையாது. டெஸ்ட், ஸ்கேன் என்று இருந்த லீவையெல்லாம் அவர் முன்பே தீர்த்துவிட்டார். இன்னும் ஒரு நாள் போட்டால் அந்த சீட்டில் வேறு ஆள் உட்காருவான்.

ஆபரேட்டர் மெஷினில் ஏறினார்.

அன்று சாயங்காலமே வினை வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது தலை தொங்கிவிட்டது. மெஷினின் மண் அள்ளும் பக்கெட், பள்ளத்துக்குள் குழாய் பதித்துக்கொண்டிருந்தவரின் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது.

“இன்னும் ஒரு சாண் வந்திருந்தா மண்ணோட மண்ணா என்னையும் அள்ளியிருப்ப” என்றார் குழாய்க்காரர். ஆனால் திட்டவில்லை. அவரும் பிள்ளை பெற்றவர்தானே. “நான் யார்கிட்டயும் சொல்லல. நீ போய்ப் பாப்பாவப் பாரு.”

சூப்பர்வைசர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் வரக்கூட இல்லை.

மறுநாள் காலையில் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. திரையில் கோளாறைக் காட்டும் ஒரு ஃபால்ட் கோட் மினுக்கிக்கொண்டே இருந்தது.

சூப்பர்வைசர் ஆபரேட்டர் மேல் பாய்ந்தார்.

“என்னய்யா பண்ணித் தொலைச்ச? மெஷினே ஓடல, நீ எதுக்கு இங்க மரம் மாதிரி நிக்கிற? உன் மூஞ்சியப் பார்த்தாலே எரிச்சலா வருது. கிளம்பு. நாளைக்கு வந்தாப் போதும்.”

ஆபரேட்டர் ஒரு நொடி மெஷினையே பார்த்தார். அப்புறம் எடுத்தார் ஓட்டம்.

“கல்நெஞ்சுக்காரன்” என்றார் குழாய்க்காரர். “பொண்ணுக்கு ஆபரேஷன்னு தெரிஞ்சும் வாயில ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு.”

கம்பெனி மெக்கானிக் லேப்டாப் பையோடு வந்து இறங்கினாள்.

“அதுக்குள்ள வந்துட்டியாம்மா?” என்றார் சூப்பர்வைசர், கடன்காரனைப் பார்த்த மாதிரி.

“லேட்டா வந்தாத்தான சார் திட்டுவாங்க?”

கேபிளைச் செருகிப் பார்த்தாள். “இன்ஜின் சுத்துறதைக் கவனிச்சுச் சொல்ற சென்சார் ஒண்ணு இருக்கு. அதுகிட்டருந்து சிக்னல் வரல. அது வராம கம்ப்யூட்டர் டீசலை விடாது.”

“அப்போ சென்சார் காலியா?” என்றார் குழாய்க்காரர்.

“அவசரப்படாதீங்கண்ணே. வயித்து வலின்னு மட்டும்தான் கோட் சொல்லும். என்னத்தத் தின்னோம்னு சொல்லாது. சென்சாரா, ஒயரா, கனெக்டரான்னு நாமதான் தேடணும். சார், இன்ஜின் சைடு கதவுச் சாவி?”

சூப்பர்வைசர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். “இருக்கிறதே இந்த ஒரு சாவிதான். டீசல் திருடனுங்க தொல்லை. தூங்கும்போதும் இடுப்பை விட்டு இறங்காது.”

கதவைத் திறந்து, டார்ச்சோடு உள்ளே குனிந்தாள். சென்சாரைத் தேடிப் போன கை பாதியிலேயே நின்றது.

சென்சாரையும் ஒயரையும் இணைக்கும் கனெக்டர் கழன்று தொங்கியது. உடையவில்லை, கருகவில்லை. லாக்கை விரலால் அழுத்தி இழுத்தால்தான் அது கழலும். அதன் வாயில் தூசி போகாமல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, நூலால் கட்டியும் வைத்திருந்தது.

அந்த நேரம் குழாய்க்காரரின் போன் அடித்தது. கையெல்லாம் சேறு. ஸ்பீக்கரில் போட்டார். ஆபரேட்டர்தான்.

“அண்ணே, அப்பா வராம உள்ள போக மாட்டேன்னு அழுதிருக்கா. சரியா போய் நின்னேன். என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டே போனாண்ணே. சாயங்காலம்தான் வெளிய வருவாளாம்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மெஷின் சரியாயிட்டா கூப்பிட்டுருவாங்களாண்ணே?”

குழாய்க்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

“சரி விடுங்க. அந்த மெஷினுக்கு என் சார்பா ஒரு கும்பிடு போட்டுருங்க. அது மட்டும் இன்னைக்குப் படுக்கலைன்னா…”

குழாய்க்காரர் நிஜமாகவே மெஷினைப் பார்த்துக் கும்பிட்டார். சேற்றுக் கையோடு.

சூப்பர்வைசர் எங்கோ மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு நேரமாகும்?” என்றார்.

மெக்கானிக் லேப்டாப்பை மூடினாள்.

“ஒயர் முழுக்க ஒரு தடவை பார்த்துடறேன் சார். சாயங்காலம் ஆயிடும்.”

“ஆகட்டும், ஆகட்டும். நிதானமாப் பாரு. ஒண்ணும் அவசரமில்ல.”

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை.

குழாய்க்காரர் கை கழுவப் போனதும் அவள் கேட்டாள். “ஆபீஸ்ல காரணம் கேட்டா?”

“எலி கடிச்சிருச்சுன்னு சொல்லு.”

சாவியை அவர் கையில் வைத்தாள்.

“சொல்லிடறேன் சார். ஆனா பூட்டைத் திறந்து, கனெக்டரைக் கழட்டி, தூசி படாம பையும் கட்டிவிட்டு, மறுபடி பூட்டி, சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டுப் போற எலிய இப்பத்தான் பார்க்கிறேன்.”