மூச்சைப் பிடிப்பவள்

நானும் என் ஓரகத்தியும் ஒரே ஆலையில் வேலை பார்க்கிறோம். கலத்தில் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு, வாயு ஏற்றிச் சூடாக்கி, வால்வைச் சட்டென்று திறந்தால் மணிகள் நுரையாக உப்பும். என் மணியை அறுத்தால் உள்ளே காற்று அடைந்த சின்னக் கண்ணறைகள் கோணல்மாணலாக இருக்கும். அவளுடையதில் எல்லாம் ஒரே அளவு, எடையும் பாதிதான்.

"சின்னவளைப் பாத்துக் கத்துக்கம்மா" என்பார் சூப்பர்வைசர்.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "அப்படி என்னதான்டி பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா. வால்வைத் திறக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்குவேன்."

நானும் பிடித்துப் பார்த்தேன். கண் இருட்டியதுதான் மிச்சம்.

வேலை முடிந்து கடுங்குளிரில் வீட்டுக்கு நடந்தோம். அவள் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினாள். பேசாமல் வந்த என் வாயிலிருந்து மட்டும்தான் மூச்சு புகையாக வந்தது.

பயப்படத் தோன்றவில்லை. இதுவும் அவளுக்குத்தான் வருகிறது என்று வயிறு எரிந்தது.