திரவியம் வீட்டு வளையல் சத்தம்

திரவியம் வீட்டில் காலையில் வளையல் சத்தம் கேட்கிறது என்று முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு உலகம்மை.

திரவியத்தின் மனைவி பொன்னம்மை இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. சாலைக் கடையில் அரிசி அளக்கிற அந்த மனிதரையும் ஒரு ஆட்டையும் தவிர அங்கே யார் இருக்கிறார்கள், வளையல் போட?

தெருவுக்கு இது போதாதா? மத்தியானத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு நிறம், வயது, ஊர் எல்லாம் வந்துவிட்டது.

மறுநாள் காலை, பேரனுக்குப் பால் வாங்கச் செம்போடு போனாள் உலகம்மை. யுத்தம் வந்ததிலிருந்து டப்பாப் பால் கிடைப்பதில்லை. தாய்க்கும் பால் இல்லை. எட்டு மாதக் குழந்தைக்கு இந்த ஆட்டுப் பால்தான் கதி.

கொட்டிலில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சுவாமிதாஸ் குந்தியிருந்தார். கறவையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் திரவியம்தான் கூட்டி வந்திருந்தார். ஆட்டின் ஒரு காம்பில் கீறல், ரத்தம்.

உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, பஞ்சால் ஒற்றி, இடுக்கியால் எதையோ எடுத்தார் கம்பவுண்டர். சிவப்புக் கண்ணாடிச் சில்லு.

"வளையல் துண்டுல்லா இது! ஆரு ஓய் கறந்தது?"

திரவியம் தலை குனிந்தார்.

"நல்லாக் கேளுங்க!" உலகம்மைக்கு நாக்கு நிற்கவில்லை. "அண்ணாச்சி, பொன்னக்கா போன ஈரம் காயல்ல. அதுக்குள்ள ஒருத்தி கையில ஆட்டையும் குடுத்தாச்சோ? இனி இந்த வீட்டுப் பால் எம் பேரனுக்கு வேண்டாம்."

"சண்டையப் பொறவு போடுங்க," என்றார் கம்பவுண்டர். "மஞ்சளத் தேங்காயெண்ணெயில கொழச்சுப் போடும் ஓய். இந்தக் காம்பக் கடசியா, மெள்ளக் கறக்கணும். பால் தேங்கப்படாது, மடி வீங்கிரும். நல்ல காம்ப இப்பமே கறந்து காட்டும்."

திரவியம் உட்கார்ந்தார். ஆடு உதைத்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுபடியும் உதை.

அவர் எழுந்து உள்ளே போனார். வந்தபோது மணிக்கட்டில் ஒரு நூல். அதில் ஐந்து சிவப்புக் கண்ணாடி வளையல்கள். ஆம்பிளைக் கையில் நுழையாததால் கோத்துக் கட்டியிருந்தார்.

கையை அசைத்தார். ஆடு திரும்பிப் பார்த்தது. பிறகு சமர்த்தாக அசைபோட ஆரம்பித்தது. பால் சர்ரென்று இறங்கியது.

"பொன்னம்மை கைன்னு நெனைக்கு," என்றார், யாரையும் பார்க்காமல். "இல்லேன்னா கறக்க விடாது. ஒங்க பேரனுக்குப் பால் முடங்கப்படாதுன்னு சொல்லிட்டுத்தான் அவ கண்ண மூடினா."

நூலில் நழுவிய வளையலை மேலே தள்ளினார்.

"பொய் எதுக்கு? எனக்கும் அந்தச் சத்தம் இல்லாம விடிய மாட்டேங்கு."

உலகம்மை செம்பை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"கண்ணாடி இனி மடிப்பக்கம் வரப்படாது, அண்ணாச்சி," என்றார் கம்பவுண்டர். அவர் குரலும் இறங்கியிருந்தது. திரவியம் நூலை அவிழ்த்தார்.

அடுத்த நாள் காலையிலும் அந்த வீட்டில் வளையல் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு முத்தாரம்மாள் ஆவலோடு எட்டிப் பார்த்தாள்.

"ஆருக்க வளையலு அது?"

திரவியம் பால் கறக்க, ஆட்டின் தலைப்பக்கம் நின்று கையைக் குலுக்கிக்கொண்டிருந்த உலகம்மை திரும்பினாள்.

"எனக்கதுதான். போ, ஊரெல்லாம் சொல்லு."