மடக்கிய விரல்

அஞ்சலைக்கு இரண்டு காலிலும் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் கொக்கி மாதிரி வளைந்து, மேலே காய்ப்புக் காய்த்திருந்தது. உப்புத்தண்ணீர் பட்டால் உயிர் போகிற வலி.

டாக்டர் ஷாலினி, கூட வந்த புருஷன் ஆதிமூலத்தைக் கேட்டார். "எத்தனை வருஷமா இப்படி?"

அவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார்.

"முப்பது வருஷம்" என்றாள் அஞ்சலை.

"டைட்டா ஷூ போடுவீங்களா?"

"உப்பளத்துல வெறுங்காலோட நிக்கிறவளுக்கு ஷூ ஏதுங்க? யோவ், நீ போய் டீ குடிச்சிட்டு வா."

ஆதிமூலம் போனார். அஞ்சலை குரலைத் தாழ்த்தினாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப மாமியார் காலைத்தாங்க பார்த்தாங்க. கட்டைவிரலைவிட இது நீளமா இருந்தா புருஷனை அடக்கி ஆளுவாளாம். எங்கம்மா மடக்கிக்கச் சொல்லிச்சு. அப்ப மடக்குனதுதான், இவரு எதிர்ல நீட்டினதே இல்ல."

"சின்ன ஆபரேஷன்தான். நிமிர்த்திடலாம்."

"வேணாங்க. பார்த்தா மனுஷன் பயந்துடுவாரு."

அவள் மாத்திரை வாங்கப் போனதும் ஆதிமூலம் மெல்ல உள்ளே வந்தார்.

"நிமிர்த்திடுங்கம்மா, பாவம். கல்யாணமான மறுநாளே, தூங்கறப்ப நீட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டேன். அன்னையிலேர்ந்துதான் நான் வாயே தொறக்கறதில்ல."