கைதட்ட வந்தவர்கள்

"இந்தச் சேர்ல நான் உக்கார மாட்டேன். நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போறேன்" என்றார் அங்கப்பன்.

கல்லூரி அரங்கில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரே பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. அன்பளிப்பு: மாரியப்பன், முன்னாள் மாணவர்.

"சேரு உங்கள என்னங்க பண்ணுச்சு? பஸ்ஸுல வழி பூரா காலு வலிக்குதுன்னு பொலம்பிட்டு வந்தீங்க" என்று மனைவி அத்தாயி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அங்கப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பெயர் தெரியாதபடி போர்த்தி மூடினார். பிறகுதான் உட்கார்ந்தார், அதுவும் நுனியில்.

அவருக்குப் பின்னால் அவருடைய மலைக் கிராமமான கொட்டச்சேட்டின் ஜனம் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. கல்லூரி பஸ்ஸை அனுப்பி எல்லோரையும் அழைத்து வந்தவள் சக்தி. அங்கப்பனின் தம்பி மகள். இதே கல்லூரியில் படித்து இங்கேயே பாடம் நடத்துகிறாள். முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். இந்த வருடத்துச் சேவை விருதுக்கு மாரியப்பன் பெயரைச் சொன்னவள் அவளேதான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாரியப்பன் சேலத்துக்காரர். ஊரை ஒட்டிய காப்பி எஸ்டேட்டை வாங்கிய கையோடு, அதன் நடுவே போகும் பாதைக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். அந்தப் பாதையில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் தார் ரோடு. இல்லாவிட்டால் மலையைச் சுற்ற வேண்டும். மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். பூட்டு அசையவில்லை. போன மழைக்காலத்தில், பிரசவ வலி எடுத்த ஊர்ப்பெண் முத்தாயியைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கேட் முன்னால் நின்று கத்தினார்கள். "சாவி முதலாளிகிட்ட, முதலாளி சேலத்துல" என்று வாட்ச்மேன் கையை விரித்தான். சுற்றிப் போன வழியில் பிள்ளை செத்தே பிறந்தது.

இப்போது அங்கப்பனின் மருமகள் சிவரஞ்சனிக்கு ஒன்பதாம் மாதம்.

சக்தி வேகமாக வந்தாள். "வந்துட்டீங்களா பெரியப்பா? பெரியம்மா, காப்பி குடிச்சீங்களா?"

"யாரு எஸ்டேட்டுக் காப்பி கண்ணு? அவனுதுன்னா வேண்டாம்" என்றார் அங்கப்பன்.

"பெரியப்பா..."

"ஏஞ்சாமி, முத்தாயி பெத்ததத் துணியில சுத்திக் குடுத்தவ நீதான? அதுக்குள்ள மறந்துருச்சா? பூட்டுனவனுக்குப் பொன்னாடை, அதுக்குக் கைதட்ட நாங்க. நொம்ப நல்லா இருக்குது உன்ற படிப்பு!"

சக்தி பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவரை இன்னும் எரித்தது. இல்லை என்றாவது சொல்லலாம், தப்புதான் என்றாவது சொல்லலாம். சின்னப் பிள்ளையிலிருந்தே இவள் இப்படித்தான். கோபம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள், குற்றம் செய்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். இது எந்த மௌனம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"நான் மைக்குல பேசி முடிச்சதும் நம்மூருக்காரங்க பலமாக் கைதட்டணும் பெரியப்பா. இத மட்டும் எனக்காகச் செய்யுங்க."

"தட்டுறதா? எந்திரிச்சு நின்னு கேக்கப் போறேன். கலெக்டரு முன்னாலயே கேப்பேன். முன் வரிசையில கொண்டாந்து உக்கார வெச்ச பாரு, நல்லதாப் போச்சு."

"கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சக்தி மேடைக்குப் போனாள்.

"அவளுக்குக் கொழுப்பப் பாருங்க" என்றாள் அத்தாயி.

விருது கொடுக்கக் கலெக்டர் வந்தார். பின்னாலேயே மாரியப்பன் மேடையேறினார். இடுப்பு பெல்ட்டில் எஸ்டேட் சாவிக்கொத்து குலுங்கியது. யாரை நம்பியும் ஒரு சாவியைக்கூடக் கொடுத்து வைக்காத மனிதர். பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுயர மாலை போட்டார்கள்.

சக்தி மைக்கைப் பிடித்தாள். அரங்குக்கு நாற்காலி கொடுத்ததைச் சொன்னாள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியதைச் சொன்னாள். ஏழைகள் கஷ்டம் கண்டால் அவர் மனம் தாங்காது என்றாள். மாரியப்பன் கைகூப்பிச் சிரித்தபடி இருந்தார்.

மனம் தாங்காதாம்!

அங்கப்பன் துண்டை உருவிக்கொண்டு விருட்டென்று எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சக்தியின் குரல் முந்திக்கொண்டது.

"எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டச்சேட்டு மக்களுக்காகத் தன் எஸ்டேட் பாதையை இன்று முதல் திறந்துவிடுகிறார் நம் வள்ளல். கேட் சாவியைக் கலெக்டர் முன்னிலையில், தன் கையாலேயே ஒப்படைக்கப் போகிறார். அதை வாங்கிக்கொள்ள, அதோ பாருங்கள், ஊர்ப் பெரியவர் அங்கப்பன் எழுந்து நிற்கிறார்!"

முதலில் கைதட்டியவர் கலெக்டர். அடுத்த நொடி கொட்டச்சேடே எழுந்து தட்டியது. அத்தாயி பின்னாலிருந்து தள்ள, அங்கப்பன் ஒன்றும் புரியாமல் மேடையேறிக் கையை நீட்டினார்.

மாரியப்பன் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது. உதடு அசையாமல், பக்கத்தில் நின்ற சக்தியிடம் பல்லைக் கடித்தார். "நான் எப்பம்மா இப்படிச் சொன்னேன்?"

சக்தி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். "சிரிங்க சார், போட்டோ எடுக்கறாங்க."